வளரும் நாடுகளில் கல்லூரி, கம்பெனி, அரசு மூன்றும் சேர்ந்து புதுத் தொழில்நுட்பம் கொண்டுவருவது உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுக்கிற இடங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. கேள்வி கேட்டவர் இன்ஜினியரிங் மாணவர் என்றும், நிறைய கம்பெனிகளோடு எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்ட கல்லூரியில் சேர்ந்தால் பயன் உண்டா என்றும் போட்டிருக்கிறார். நான் வடசென்னையில் திருவொற்றியூரில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன், வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்கிறவர்களுக்கு ஜாப் ஒர்க். அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் எல்லாரும் எட்ஸ்கோவிட்ஸ், லைடெஸ்டார்ஃப் இருவரும் 1990களில் சொன்ன 'ட்ரிபிள் ஹீலிக்ஸ்' மாடலைத்தான், அதாவது கல்லூரி, கம்பெனி, அரசு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு புதுமை செய்யும் என்பதைத்தான், எடுத்துப் பேசுவார்கள். எனக்கு என்னவோ 1968இல் அர்ஜென்டினாவின் ஹோர்ஹே சாபதோவும் நத்தாலியோ பொத்தானாவும் சொன்ன முக்கோணம்தான் நமக்கு இன்னும் பொருத்தம் என்று படுகிறது. அரசு ஒரு முனை, உற்பத்தி செய்பவர்கள் ஒரு முனை, ஆராய்ச்சி செய்பவர்கள் ஒரு முனை. நம் மாதிரி நாடுகளில் இந்த மூன்று முனைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைவிட வெளிநாட்டோடுதான் அதிகம் பேசுகின்றன என்பது அவர்கள் கவலை. இன்றைக்கும் அப்படித்தானே இருக்கிறது? கம்பெனிக்கு டிராயிங் ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்துவிடுகிறது. பேராசிரியருக்கு வெளிநாட்டு ஜர்னலில் பேப்பர் வந்தால்தான் மதிப்பு. டெண்டரில் 'ஏற்கெனவே சப்ளை செய்த அனுபவம்' என்று ஒரு வரி இருந்தால் போதும், உள்ளூரில் புதிதாக ஒன்றைச் செய்தவன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இதைத் தாண்டி வந்த நாடுகளைப் பார்த்தால் அரசு பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை, முதல் ஆர்டரையும் கொடுத்திருக்கிறது. பிரேசிலில் 1950இலேயே விமான இன்ஜினியர்களை உருவாக்க ஐடிஏ என்ற கல்லூரியை வளர்த்தார்கள், ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து 1969இல் எம்ப்ரேயர் கம்பெனி வந்தது, வந்த கையோடு அந்த நாட்டு விமானப்படை 80 பண்டெய்ரான்டே விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. தைவானில் 1973இல் ஐடிஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனம், 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனியிடமிருந்து சிப் தொழில்நுட்பம், அதற்கப்புறம் 1987இல்தான் டிஎஸ்எம்சி என்ற சிப் கம்பெனி, அதிலும் ஆரம்ப முதலீட்டில் கிட்டத்தட்ட பாதி அரசுப் பணம். நாம் இரண்டு வருஷ ப்ராஜெக்ட் போட்டுவிட்டு ரிசல்ட் எங்கே என்று கேட்கிறோம்.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் தோல் தொழில். அடையாறில் 1948இல் சிஎல்ஆர்ஐ என்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, பக்கத்திலேயே ஏசி டெக் கல்லூரியில் லெதர் டெக்னாலஜி படிப்பு. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா காலத்திலிருந்தே அங்கிருந்தவர்கள் டேனரிக்குள் (தோல் பதனிடும் ஆலைக்குள்) போய் நின்றவர்கள். 1996இல் பாலாறு மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி ஓடக் கூடாது என்று சொன்னபோது வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தொழிலே போய்விடும் என்றுதான் பேச்சு. பழைய முறையில் பதனிடும்போது போடுகிற குரோமியத்தில் அறுபது எழுபது சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மீதி தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் சேறாக அடியில் தங்கும், அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். பள்ளிக்கூட வேதியியல்தான், ஆனால் சின்ன டேனரிக்காரர் தன் தொட்டியில், தன் ஆட்களை வைத்துச் செய்கிற மாதிரி அதை மாற்றிக் கொடுக்க ஆராய்ச்சி நிலையம் வேண்டும், செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் வேண்டும், செய்தால் மிச்சமாகும் என்று முதலாளிக்குக் கணக்குத் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்தது. பாலாறு அதற்கு முன்பே பட்ட பாடு வேறு கதை, அது இன்னும் ஆறவில்லை.

சென்னை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், சிஎல்ஆர்ஐ, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட், தரமணி ஆய்வுக்கூடங்கள் எல்லாம் தெற்கே. ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், துறைமுகம், ஃபவுண்டரி எல்லாம் வடக்கே. கேள்வி இங்கே இருக்கிறது, பதில் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நடுவில் கூவம்தான், ஆனாலும் யாரும் சுலபத்தில் தாண்டி வருவதில்லை. வந்தபோது நல்லது நடந்திருக்கிறது: வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து வெளியேறும் சூடான தண்ணீரை வைத்தே கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது பள்ளிக்கரணையில் இருக்கிற கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடி, 2009இல். கொடுங்கையூர் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்து நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் மணலி தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற நிலையமும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் கழுத்தைப் பிடித்ததால் நடந்தது அது.

என் கடையில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு ஷாஃப்ட், ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குவது) முடிந்து வந்ததும் வளைந்திருக்கும். வி-பிளாக் தாங்கியில் வைத்து, வளைவை அளக்கிற டயல் போட்டுச் சுற்றினால் முள் நிற்காமல் ஆடும். பிரஸ்ஸில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவோம், சிலது நிமிர்த்தும்போதே விரிசல் விட்டுவிடும். பக்கத்துக் கல்லூரி மெக்கானிக்கல் சார் ஒருவர் தன் மாணவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மற்றவர்கள் மாதிரி சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போகாமல் அந்தப் பையன்கள் செமஸ்டர் முழுக்க வந்தார்கள். எங்களிடம் பிரஸ் ஓட்டுகிற பெரியவரிடம் ஒரு பையன், "அண்ணே, எந்த லோடு ரொம்ப வளையுது?" என்று கேட்டான். அவர் யோசிக்கவே இல்லை: "கறுப்பு ராடு வந்தா தொல்லையில்லப்பா, பளபளன்னு வருது பாரு, அதுதான் படுத்துது." அந்தப் பளபள ராடு பிரைட் பார், குளிர்நிலையில் இழுத்துச் செய்தது. உள்ளே இறுக்கம் இருக்கும், சூடு பட்டதும் அது விடுபட்டு வளையும். சாருக்குப் பாடத்தில் தெரிந்த விஷயம், பெரியவருக்குக் கையில் தெரிந்த விஷயம். ரஃப் டர்னிங் (முதல்கட்டக் கடைசல்) முடிந்ததும் ஒருமுறை ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து, அதாவது சூடாக்கி அந்த இறுக்கத்தை முன்கூட்டியே போக்கி, ஃபர்னஸில் படுக்கவைக்காமல் தொங்கவிட்டதும் பிரஸ் வேலை வெகுவாகக் குறைந்தது. மெட்டீரியலைச் சரிபார்த்தது கிண்டி எம்எஸ்எம்இ டெஸ்டிங் சென்டரில், சிறு தொழில்களுக்காக அரசு வைத்திருக்கிற ஆய்வுக்கூடம்தான். அந்த சாருக்கு இதனால் கல்லூரியில் ஒரு மார்க்கும் ஏறவில்லை, ஏன் பேப்பர் எழுதவில்லை என்று கேட்டார்களாம். எனக்கு இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

2020-21 கணக்குப்படி நாடு முழுக்க ஆராய்ச்சிக்குச் செலவானது ஜிடிபியில் 0.64 சதவீதம், அதில் தனியார் பங்கு பாதிகூட இல்லை. 2023இல் ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்புக்குச் சட்டம் கொண்டுவந்து ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்றார்கள், பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்ப்பு. பணம் வரட்டும், நல்லதுதான். ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது என்று முடிவு செய்கிற மேஜையில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் அள்ளினார்கள். இத்தனை தொழிற்சாலை இருக்கிற கழிமுகத்துக்கு ஏற்ற மாதிரி, ஃபைபர் படகில் ஏற்றிப்போகிற அளவில் எண்ணெய் அள்ளும் கருவி ஒன்றை இங்கேயே வடிவமைத்து, இங்கேயே செய்து, அரசு வாங்கி வைத்திருக்க முடியாதா? அந்த மீனவர்களிடம் அதற்கு முன்னால் யாராவது போய்க் கேட்டிருந்தால் அது ஒரு ப்ராஜெக்டாகி இருக்கும்.

சரி, தம்பிக்கு: எம்ஓயூ எத்தனை என்று பார்க்க வேண்டாம். அந்தக் கல்லூரி ஆசிரியர்கள் எந்தத் தொழிற்சாலையின் எந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள் என்று கேளுங்கள், பெயர் சொல்லிப் பதில் வந்தால் சேரலாம். சேர்ந்தபின் வியாசர்பாடி எஸ்டேட்டுக்கோ எங்கள் பக்கமோ வந்து, ரிஜெக்ட் ஆன பாகங்களைப் போடுகிற டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். ஓனர் பிஸியாக இருந்தால் மெஷினில் நிற்பவரைக் கேளுங்கள், டீ டைமில் போனால் பொறுமையாகவே சொல்வார்கள்.