மரம் காய்ந்துவிட்டதா? தராசைக் கேளுங்கள்

கேள்வி: வீட்டில் வெட்டிய கிளையிலிருந்து கத்திக்குப் பிடி செய்தேன். இரண்டு மாதம் வெயிலில் காயவைத்த பிறகுதான் பொருத்தினேன். சில வாரங்களிலேயே பிடியின் விளிம்பைத் தாண்டி இரும்பு துருத்திக்கொண்டு கையை உறுத்துகிறது. ஆணி போன இடத்தில் வெடிப்பும் விழுந்துவிட்டது. இன்னும் எவ்வளவு நாள் காயவைத்திருக்க வேண்டும்? மைக்ரோவேவில் வைத்தால் சீக்கிரம் காயுமா? இல்லை, 'முழுவதும் பதப்படுத்தியது' என்று விற்கிற கட்டைகளையே வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் உங்கள் கத்திக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். பிடியைப் பொருத்தும்போது மரத்துக்குள் ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது. பிறகு அது வெளியேற, மரம் சுருங்கியது. இரும்பு சுருங்காது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். அதனால்தான் பிடியின் முதுகிலும் அடியிலும் இரும்பு எட்டிப்பார்க்கிறது. 30 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையின் ஈரப்பதம் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால், பல மரங்களில் அரை மில்லிமீட்டருக்கு மேலேயே குறையும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். பசையும் ஆணியும் ஒருபக்கம் இறுக்கிப் பிடித்திருக்க, சுருங்க இடமில்லாத மரம் ஆணித் துளையிலிருந்து வெடித்துவிட்டது.

இனி, எவ்வளவு நாள் என்ற கேள்வி. நாள் கணக்கில் இதற்குப் பதிலே கிடையாது. 'ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம்' என்று எல்லோரும் சொல்வார்கள். அது அடுக்கிவைத்த பெரிய பலகைகளுக்கு உத்தேசமாகச் சொன்ன கணக்கு. 10 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்த துண்டு சில வாரங்களில் காய்ந்துவிடலாம். பட்டையோடு கிடக்கும் உருண்டைக் கட்டை ஒரு வருடம் போனாலும் உள்ளே ஈரமாகவே இருக்கலாம். எனவே காலண்டரை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள்.

கிளையை வெட்டிய அன்றே நடுவில் இருக்கும் நெட்டி வழியாக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். நெட்டி உள்ள மரம் வெடிக்காமல் காய்வது அபூர்வம். பிறகு தேவையைவிடச் சற்றுக் கனமாகவும் அகலமாகவும் துண்டுகளாக அறுத்து, இரு முனைகளிலும் மட்டும் மெழுகோ பெயின்ட்டோ கெட்டியாகப் பூசுங்கள். மரத்தின் முனை வழியாக ஈரம் பக்கவாட்டைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஓடிவிடும். முனை முந்திக் காய்ந்தால் அங்கேதான் முதல் வெடிப்பு வரும். துண்டுகளுக்கு இடையே குச்சி வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். வெயில் வேண்டாம். மேல்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரமாகவே இருக்கும், இழுபறியில் மரம் பிளக்கும்.

ஒவ்வொரு துண்டின் மேலும் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு முந்தைய எண்ணுக்குக் கீழேயே புது எண்ணை எழுதுங்கள். 148, 139, 133, 130 என்று முதலில் மளமளவென்று இறங்கும், அப்புறம் தயங்கும். மூன்று நான்கு வாரம் ஒரே எண் வந்தால், அந்த அறையின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அறை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீதம் வரை காயும். காற்றே 80 சதவீதமாக இருந்தால் மரம் 16 சதவீதத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் இறங்காது. மழைக்காலத்தில் எடை நின்றுபோனதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கத்தி எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையில் கடைசி சில வாரங்கள் மரமும் இருக்கட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், அதனால் விரித்தே சொல்கிறேன். கருங்காலி, லிக்னம் வைட்டே போன்ற அடர்த்தியான மரங்கள் ஈரத்தை மிக மெதுவாகத்தான் விடும். வாரத்துக்குக் கால் கிராம் குறைகிறது என்று வையுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. மூன்று வாரமும் ஒரே எண்ணைக் காட்டும், நீங்களும் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இந்த மரங்களுக்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும், எடையை மாதம் ஒருமுறை ஒப்பிட வேண்டும். இவை வேகமாகக் காய்ந்தாலும் வெடிக்கும். அதனால் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, நிதானமாகவே காயவிடுங்கள். லிக்னம் வைட்டே போல எண்ணெய்ப் பசையுள்ள மரத்தை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் எபாக்சி பசை சரியாகப் பிடிக்காது.

மைக்ரோவேவ் வேண்டாம். வெளியே நன்றாக இருக்கும் துண்டு உள்ளே கருகிப்போகும், சமயத்தில் தீயும் பிடிக்கும். ஓவனைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கட்டையின் நடுவிலிருந்து ஒரு சிறு வில்லை அறுத்து எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும் வரை வையுங்கள். 60 கிராம் 50 ஆனால், போன ஈரம் 10 கிராம். அதை உலர்ந்த எடையான 50-ஆல் வகுக்க வேண்டும், ஆக ஈரப்பதம் 20 சதவீதம். அந்த மரம் பிடிக்கு இன்னும் தயாராகவில்லை.

இப்போது விற்பனைக் கட்டைகளுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். நான்கு பக்கமும் மெழுகில் முக்கியெடுத்த அழகான கட்டைகள் விற்கிறார்கள். அந்த மெழுகு பெரும்பாலும் ஈர மரம் வழியில் வெடிக்காமல் இருக்கப் பூசியது. ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்திருக்கிறார்கள். எடைக்கு விலை போட்டால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணம் தருகிறீர்கள். 'பல வருடம் என்னிடம் இருந்த கட்டை' என்று இடைத்தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மெழுகுக்குள் இருந்த கட்டை பல வருடம் கழித்தும் ஈரமாகவே இருக்கலாம். வாங்கினால், முனைகளை விட்டுவிட்டு மற்ற பக்கங்களின் மெழுகைச் சுரண்டி எடுத்து, முதல் நாளிலிருந்து எடைக் கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்த பொறி, 'சூடேற்றிப் பதப்படுத்தியது' என்ற வார்த்தை. சரக்குப் பெட்டி மரங்களில் 'HT' (சூடேற்றியது) என்று முத்திரை இருக்கும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தது என்பதுதான் அதற்குப் பொருள். பூச்சி நாடு தாண்டிப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மரம் காய்ந்ததற்கு அது சான்றே இல்லை. ஆனால் அதைக் காட்டியே விற்கிறார்கள். பூச்சிக்கு இவ்வளவு விதி போடத் தெரிந்தவர்களுக்கு, விற்கும் கட்டையின் மேல் ஈரப்பதத்தை ஓர் எண்ணாக எழுதவைக்க ஏன் தோன்றவில்லை? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஈரப்பதம் அளக்கும் கருவியை மேல்பரப்பில் வைத்து '8 சதவீதம்' என்று காட்டினாலும் நம்பாதீர்கள். புதிதாக அறுத்த நடுப்பகுதியில் குத்திக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

பிசின் ஏற்றிய கட்டைகள், அதாவது மரத்தின் நுண்துளைகளுக்குள் பிசினைப் புகுத்தி இறுகவைத்தவை, முறையாகச் செய்திருந்தால் நல்லவைதான். அறை ஈரம் ஏறி இறங்கினாலும் அவை அதிகம் அசையாது. ஆனால் ஈர மரத்துக்குள் பிசின் சரியாக ஏறாது. ஒரு முனையை அறுத்துப் பாருங்கள். பிசினோடு கலந்த சாயம் விளிம்போடு நின்று நடு வெளுத்திருந்தால் பிசின் உள்ளே போகவில்லை என்று சந்தேகப்படலாம்.

உங்கள் கத்தியைப் பொறுத்தவரை, வெறும் துருத்தலாக இருந்தால் சுருக்கம் நிற்கும் வரை விட்டு, இரும்பை உப்புத்தாளால் கையாலேயே மரத்தின் மட்டத்துக்குத் தேய்த்துவிடலாம். வெடிப்பு விழுந்துவிட்டதால் பிடியை மாற்றத்தான் வேண்டும், அந்த இடுக்கில் ஈரமும் அழுக்கும் புகுந்துகொண்டே இருக்கும். அதே கிளையில் மிச்சக் கட்டை இருந்தால் இன்றே பிளந்து, முனையில் மெழுகு பூசி, முதல் எடையை எழுதிவையுங்கள்.