பின் சொக் நீளமானதும் இறக்கத்தில் ஹேண்டில் ஆடுது: பதில்

தம்பி, பின்னால ஆள் ஏறினா தோட்ட ரோட்டில் அடி வாங்குதுன்னு பழசைவிட 25 மி.மீ. கூடுதல் நீளமான சொக் (அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) போட்டீங்க. இப்ப றம்பொடை இறக்கத்தில் ஹேண்டில் நடுங்குது. காரணம் அந்த 25தான். வீல்பேஸ் (இரண்டு வீல் அச்சுக்கும் இடையிலான தூரம்) 1320 மி.மீ. அளவுள்ள பைக்கில் பின்பக்கம் அவ்வளவு உயர்ந்தா முன் ஃபோர்க் ஏறக்குறைய 1 பாகை கூடுதலா செங்குத்தாகி, ட்ரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும். வளைவில் சட்டென்று திரும்பும், வேகத்தில் நேரா நிலைக்காது. இறக்கத்தில் முன் பிரேக் பிடிச்சா பின் டயர் இன்னும் லேசாகும்; மழை ரோட்டில் அது ஆபத்து.

பழைய நீளத்துக்கே மாத்துங்க. அடி வாங்குறதுக்கு ப்ரீலோட் காலரை (சொக் ஸ்பிரிங்கை இறுக்கும் படி வளையம்) இரண்டு பக்கமும் ஒரே படியில் ஏத்துங்க. பின் வீலைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழ் ஒரு குறிவரை அளங்க. வழக்கமான பாரத்தோட உட்கார்ந்து மறுபடி அளங்க. 30 மி.மீ. அளவு இறங்கணும். 10தான் இறங்கினா கல் ரோட்டில் இடுப்பு தாங்காது. கடைசிப் படியிலும் அடிச்சா சொக் ராடைத் தடவிப் பாருங்க. எண்ணெய் ஒட்டினா சீல் போயிட்டு.

மாத்தினதும் செயின் தொய்வைக் கட்டாயம் புதுசா வைங்க. உயரமா நிக்கும்போது வச்ச தொய்வு, ஆள் ஏறினதும் இறுகி பெயரிங்கைத் தின்னும்.