வீட்டின் நீண்ட நடைக்குப் பழைய பாரசீக ரன்னர் கம்பளம்: விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டு நடை 18 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. நூறாண்டுப் பழையது என்று சொல்லி, 16 அடி நீள ஹமதான் ரன்னர் (நடையில் விரிக்கும் நீண்ட, ஒடுங்கிய கம்பளம்) ஒன்றை ஒரு வணிகர் காட்டுகிறார். நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தேய்மானத்தைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கக் கேளுங்கள்; அதற்காகவே கம்பளத்தை ஒதுக்கிவிட வேண்டாம். நடையில் எல்லோரும் ஒரே தடத்தில் நடப்பதால், பயன்பட்ட ரன்னர் நடுவில்தான் தேயும். என் கவலையெல்லாம் அடியிலுள்ள பருத்தி நூலைப் பற்றியது. மேற்கு ஈரானின் ஹமதான் வட்டாரக் கிராமங்களில், பெரும்பாலும் பருத்திப் பாவில் (நீளவாக்கில் ஓடும் நூலில்) கம்பளி முடிச்சுகளைப் போட்டு, வரிசைக்கு ஒற்றை ஊடை (குறுக்கு நூல்) ஓட்டி நெய்வார்கள். அதனால் பின்பக்கத்தில் ஊடை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது குறையன்று, அவ்வூர் நெசவின் அடையாளம். அந்தப் பருத்தி ஈரத்தில் கிடந்து மட்கியிருந்தால்தான் ஆபத்து. ஒரு பகுதியை மெதுவாக மடித்துக் காதருகே பிடியுங்கள். சருகு நொறுங்குவது போன்ற ஓசை கேட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஈரமான வெள்ளைத் துணியைத் தேய்ந்த தடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெளிறிய இடங்களை மையால் தீட்டி மறைப்பது இவ்வணிகத்தில் பழைய வழக்கம். மை தீட்டியிருந்தாலும் சாயம் நிலையற்றதாக இருந்தாலும் துணியில் ஒட்டும். மாறாக, நீலமோ சிவப்போ குறுக்கே பட்டை பட்டையாக அடர்ந்தும் வெளிறியும் இருந்தால் அஞ்ச வேண்டாம். வெவ்வேறு முறை சாயம் தோய்த்த நூலால் வருவது அது, எனக்கு அதுவே பிடிக்கும்.

இரு முனைகளிலும் கரை முழுமையாக இருக்கிறதா, பின்பக்கம் குறுக்கே ஒட்டுத்தையல் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். நீண்டவற்றை வெட்டிச் சுருக்கி விற்பதுண்டு. அகலத்தை இரு முனைகளிலும் நடுவிலும் அளக்கவும். கிராமத் தறியில் நெய்தவை ஓரிரு அங்குலம் கோணுவது இயல்பு. பெரிய கூடத்தில் கண்ணுக்குப் படாத அந்தக் கோணல், இரு சுவர்களுக்கிடையே உடனே தெரியும். 3 அடி அகலமானால் பக்கத்துக்கு அரை அடி தரை தெரியும், அதுவே போதும்.

வயதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். விரிக்கும்போது, வழுக்காத அடிவிரிப்பைக் கம்பளத்தைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டி இடவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனை மாற்றிப் போடும்போது, அடியில் அந்துப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.