தேவதை ஆட்டம், மதுரை மண்: கேள்வி பதில்

தேவதைகள் இன்றைய ஊருக்குள் ஒளிந்து திரியும் கதையை, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து மேசையில் பகடை உருட்டி ஆடுகிறவர்கள் இந்த வாரம் கேட்டவை இவை.

அண்ணே, 'சேஞ்ச்லிங்'னு ரெண்டு ஆட்டம் இருக்கு, டிரீமிங், லாஸ்ட்னு. எதை எடுக்க? (திருமங்கலம்)

இரண்டும் ஒயிட் உல்ஃப் வெளியிட்டவைதான். ஆனால் உள்ளே வேறு வேறு. 1995-இல் வந்த டிரீமிங்கில் நீங்கள் மனித உடம்பில் பிறந்த தேவதை உயிர். அன்றாடச் சலிப்பு உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். 2007-இல் வந்த லாஸ்ட்டில் நீங்கள் மனிதர். தேவதைகள் தூக்கிப் போய் அடிமையாக வைத்திருந்த இடத்திலிருந்து தப்பி வந்தவர். வீட்டிலோ, அவர்கள் செய்து வைத்துப் போன நகல் உங்கள் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

நான் லாஸ்ட் பக்கம். எங்கள் குழுவில் ஒரு தங்கையின் பாத்திரம் ஏழு வருசம் கழித்துத் திரும்பி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா கடைக்கு எதிரே நின்றது. உள்ளே நகல் மல்லிகை நிறுத்துக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்கிறார். நாங்கள் ஆடும் மொட்டை மாடியில் ஒருவரும் பகடையைத் தொடவில்லை. இந்த ஒரு இடத்துக்காகவே லாஸ்ட்டை எடுக்கலாம்.

பத்துமுகப் பகடை கிடைக்கல. தாயக்கட்டை, லூடோ பகடைதான் இருக்கு. (மேலூர்)

லூடோ பகடை போதும் தம்பி. லாஸ்ட்டில் பல பகடைகளைச் சேர்த்து உருட்டுவோம்; ஒவ்வொன்றிலும் 8, 9, 10 விழுந்தால் ஒரு வெற்றி. 10 விழுந்தால் அந்தப் பகடையை இன்னொரு தரம் உருட்டலாம். கணக்குப் போட்டால் ஒரு பகடைக்குச் சராசரி மூன்றில் ஒரு வெற்றி. ஆறுமுகப் பகடையில் 5, 6-ஐ மட்டும் வெற்றியாக வைத்து, மறு உருட்டலை விட்டுவிடுங்கள். சராசரி அதே மூன்றில் ஒன்று. ஒரே ஒரு நஷ்டம், ஐந்து வெற்றி சேர்ந்து வரும் பெரிய அதிர்ஷ்டம் அரிதாகிவிடும். அதை நாலாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்ட்ல நாலு பருவத்துக்கு நாலு சபை. நம்ம ஊர்ல ஏதுண்ணே இலையுதிர்காலம்? (உசிலம்பட்டி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அங்கே தப்பி வந்தவர்கள் சேரும் சபைகளில் வசந்தத்துக்கு ஆசை, கோடைக்குக் கோபம், இலையுதிர்காலத்துக்கு அச்சம், குளிர்காலத்துக்குத் துயரம் என ஒவ்வொரு சபைக்கும் ஓர் உணர்ச்சி. பருவம் மாறினால் ஆட்சி மாறும். நிலம், பொழுது, உணர்ச்சி மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஏற்பாடு நம்மிடம் எப்போதிருந்தோ இருக்கிறதே, திணை!

குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. பெரும்பொழுதையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். முல்லைக்குக் கார்: ஆவணி, புரட்டாசி. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும்: ஐப்பசி முதல் தை வரை. பாலைக்குப் பின்பனியும் இரு வேனிலும்: மாசி முதல் ஆடி வரை. பன்னிரண்டு மாதமும் இடைவெளியில்லாமல் நிரம்பிவிட்டது. பாதி வருசம் பாலையின் ஆட்சி; வைகை மணலாய்க் கிடப்பதைப் பார்த்தவருக்கு விளக்கவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவும் பாலை ஆட்சியில்தான் வரும். பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் கூட்டத்தில் தேடும் காட்சிக்கு அதைவிட நல்ல நாள் ஏது?

மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பொழுதும் உரியவை. அதனால் எங்கள் ஆட்டத்தில் அவற்றுக்கு அரியணை இல்லை. மருதச் சபை எல்லா ஆட்சியிலும் கணக்குப்பிள்ளையாய் உட்கார்ந்திருக்கும். மதுரையில் கடல் இல்லாததால் நெய்தலார் நாடு கடந்து வந்த விருந்தாளிகள்.

அர்பன் ஷேடோஸ் எப்படி? (திருநகர்)

2015-இல் வந்த இன்னோர் ஆட்டம். இரண்டு ஆறுமுகப் பகடை, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு. அரசியலுக்கு அருமை, தேவதை அதில் பலரில் ஒருவர் மட்டும். அந்தக் கடன் கணக்கை லாஸ்ட்டுக்குள் கொண்டுவந்தால் நன்றாக ஓடும்.

கருப்பசாமியையும் கன்னிமாரையும் தேவதையா வச்சு ஆடலாமா தம்பி? (அழகர்கோவில் பக்கம்)

வேண்டாம் அக்கா. கண்மாய்க்கரையில் அந்த ஏழு கல்லுக்கு நம்ம வீட்டிலேயே பொங்கல் வைக்கிறார்கள். சாமிக்குப் பகடை உருட்டுவதில்லை என்பது எங்கள் முதல் விதி. ஆனால் சாமிக்கு முன்னால் சொன்ன வாக்கு ஆட்டத்துக்குள் வரலாம். பதினெட்டாம்படி கருப்பன் கதவு முன்னால் சத்தியம் செய்து வழக்கு தீர்ப்பது இன்றும் உண்டு. லாஸ்ட்டில் உடன்படிக்கை என்றால் செய்ய வேண்டிய வேலை, கிடைக்கும் வரம், மீறினால் தண்டனை, எத்தனை நாள் என நாலு அங்கம். நாங்கள் அதை நாற்பது பக்க நோட்டில் எழுதி, மூலையில் மஞ்சள் தடவி, இருவரும் கையெழுத்துப் போடுவோம். எழுதாத வாக்கு செல்லாது. போன மாதம் ஒருவர் "எத்தனை நாள்" என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். அவர் பாத்திரம் இன்னும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

இரும்பு விதி புதுசா வர்றவங்களுக்குப் புரிய மாட்டேங்குதுண்ணே. (சோழவந்தான்)

இரும்பு என்பது தேவதைகளின் மந்திரக் காப்பைத் தாண்டிப் பாயும், அவ்வளவுதான். ராத்திரி கறிச்சோறு கொண்டு போகையில் தூக்குவாளிக்குள் அப்பத்தா ஏன் ஓர் ஆணியைப் போட்டு அனுப்பும் என்று கேளுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.