மரவள்ளி ஸ்டார்ச் படலத்தில் கிராம்பு எண்ணெய் சேர்த்தால் பனீர் கெடாதா?

ராசிபுரம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஸ்டார்ச்சில் படலம் செய்து பனீரைச் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுவது தள்ளிப்போகும், நிற்காது.

கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால் என்ற வேதிப்பொருள்தான். அது கிருமியின் செல் சவ்வைச் சிதைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடும். கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உள்ள ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஸ்டார்ச்சை, படலம் ஒடியாமல் வளைவதற்காகக் கிளிசரால் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் எண்ணெயை ஊற்றுங்கள். கொதிக்கும்போதே ஊற்றினால் ஆலையெல்லாம் மணக்கும், படலத்தில் கொஞ்சம்தான் மிஞ்சும். எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் ட்வீன் 80 சில துளி விடாவிட்டால் எண்ணெய் திட்டுத்திட்டாக மிதக்கும். அப்புறம் தட்டில் மெல்லிசாக ஊற்றி உலர்த்த வேண்டியதுதான்.

என் சந்தேகமெல்லாம் பனீர் மேல்தான். அதன் ஈரத்தில் ஸ்டார்ச் படலம் ஊறிக் கொழகொழத்துவிடும். கிராம்பு நெடியும் ஏறும். மசாலா பனீர் என்றால் நெடியாவது பரவாயில்லை.