கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஓட்டா?

கேள்வி: பிரிட்டனில் இருக்கும் முஸ்லிம்கள் மதத்தைப் பார்த்து மொத்தமாக ஓட்டுப் போடுகிறார்கள், அந்த நாட்டோடு ஒட்டவே மாட்டார்கள் என்கிறார் என் நண்பர். சரிதானே?
- வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. 2024 ஜூலைத் தேர்தலில் பர்மிங்காமின் பெரி பார் தொகுதியில் நடந்ததை உங்கள் நண்பர் பார்க்கட்டும். 2001இலிருந்து அங்கே எம்.பி.யாக இருந்தவர் தொழிற்கட்சியின் காலித் மஹ்மூத். அவரை 507 ஓட்டில் தோற்கடித்தவர் சுயேச்சையாக நின்ற அயூப் கான். இருவருமே முஸ்லிம்கள். மதம்தான் கணக்கு என்றால் இத்தனை வருஷம் இருந்தவரை எதற்காக இறக்க வேண்டும்?

அங்கே காஸாதான் பேச்சாக இருந்தது. 2023 அக்டோபரில் தொழிற்கட்சித் தலைவராக இருந்த ஸ்டார்மர் ஒரு வானொலிப் பேட்டியில், காஸாவுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த இஸ்ரேலுக்கு உரிமை உண்டு என்று பொருள்படப் பேசினார். தான் அப்படிச் சொல்லவில்லை என்று பிற்பாடு விளக்கம் தந்தும் கோபம் ஆறவில்லை. அடுத்த மாதம் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு, கட்சிக் கட்டளையை மீறி 56 தொழிற்கட்சி எம்.பி.க்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் இல்லை. அதே கோபம் ஒரு முஸ்லிமுக்கு வந்தால் மட்டும் அது எப்படி மதவெறி ஆகும்?

இது புதிதும் இல்லை. 2005இல் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில், வங்கதேச முஸ்லிம்கள் நிறைந்த தொகுதியில், இராக் போரை எதிர்த்து நின்று ஜெயித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் கேலவே. அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்.

அப்புறம், குறையையும் சொல்லிவிட வேண்டும். குடும்பப் பெரியவர் கைகாட்டும் ஆளுக்கு வீடே ஓட்டுப் போடும் பழக்கம் பாகிஸ்தானிய வம்சாவளியினர் வாழும் சில ஊர்களில் உண்டு. கிழக்கு லண்டனிலேயே டவர் ஹாம்லெட்ஸ் மேயர் லுத்ஃபுர் ரஹ்மானின் வெற்றியைத் தேர்தல் முறைகேட்டுக்காக 2015இல் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்தலில் நிற்க அவருக்கு விதிக்கப்பட்ட தடைக்காலம் முடிந்து 2022இல் மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதை வைத்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் சுமார் 39 லட்சம் முஸ்லிம்களை எடைபோடுவது அநியாயம்.

ஒட்டவே மாட்டார்கள் என்றாரே, லண்டன் மக்களில் முஸ்லிம்கள் சுமார் 15 சதவீதம். பஸ் டிரைவரின் மகனான சாதிக் கானை 2016, 2021, 2024 என மூன்று முறை மேயராக்க அந்த 15 சதவீதம் போதாது.