15-க்கு 20 அடி முற்றம்: நிழல் மரமா, பழக்கொடியா? இரங்கூனிலிருந்து என் பதில்

கேள்வி: "வீட்டின் முன்னால் 15 அடிக்கு 20 அடி மண் தரை இருக்கிறது. வெயில் தாங்கவில்லை. நிழல் மரம் வைப்பதா, பந்தல் போட்டுத் திராட்சை, பேஷன் ப்ரூட் மாதிரி பழக்கொடி ஏற்றுவதா? எது நல்லது?"

மரம் வையுங்கள்.

இதற்கு முன் வந்த பதில்கள் எல்லாம் கொடியைத்தான் சொல்கின்றன. சீக்கிரம் நிழல் வரும், அடுத்த வருடமே பழம் வரும், வேர் சுவரைப் பிளக்காது, புயலில் மேலே விழாது. முதல் மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் இரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். புயலில் எது விழுந்தது, எது நின்றது என்று கண்ணால் பார்த்தவள்.

நீங்கள் ஊரைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில், காங்கிரீட் தளம் போட்ட சொந்த வீட்டில், மேற்கு வெயில் அடிக்கும் வாசலோடு இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வாடகை வீடு என்றால் என் பதிலை விட்டுவிடுங்கள், கொடியே போதும்.

எங்கள் வீடு கம்பைப் பக்கம். பலகைச் சுவர், தகரக் கூரை. வாசலுக்கு மேற்கே தாத்தா வைத்த மகிழ மரம். பர்மியர்கள் இதைக் கயே என்பார்கள். விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்கள் கொண்டைக்குக் கோப்பார்கள், நாங்கள் சாமிக்குக் கோப்போம். அந்த நிழலில்தான் அம்மா காலையில் இட்லி, தோசைக் கடை போட்டார். குட்டை முக்காலிகள், ஒரு நீள மேசை, அவ்வளவுதான். அப்பா போன பிறகு எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தது அந்தக் கடை. வெயிலில் உட்கார்ந்து யாரும் தோசை தின்ன மாட்டார்கள். அதனால் அந்த மரம் எங்களுக்குச் சோறு போட்டது என்று சொன்னால் மிகை இல்லை.

2008 மே 2-ஆம் தேதி நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரை ஏறியது. இரவோடு இரவாக நகர்ந்து 3-ஆம் தேதி விடியற்காலை இரங்கூனைத் தாக்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல். பெரும்பாலும் டெல்டா மக்கள். அந்தச் சாவுகளுக்கு முன்னால் ஒரு வீட்டு மரத்தைப் பற்றிப் பேசுவது சிறிய விஷயம் என்று எனக்குத் தெரியும், யாரும் எனக்கு அதை நினைவூட்ட வேண்டாம். ஆனால் விடிந்ததும் இரங்கூனில் நாங்கள் பார்த்தது மரங்களைத்தான். தெருத்தெருவாகத் தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்து வீடுகள் மேலும் மின்கம்பிகள் மேலும் கிடந்தன. நாட்கணக்கில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை.

எங்கள் மகிழம் நின்றது. இரண்டு கிளை முறிந்தது, இலை முழுதும் உதிர்ந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் ஒன்று அதன் கவட்டில் சிக்கியிருந்தது. மரம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தகரம் எங்கள் பலகைச் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும்.

ஆனாலும் அடுத்த வாரமே ஊரில் மரம் என்றால் பயம் வந்துவிட்டது. நின்ற மரங்களையும் வெட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் சித்தப்பா ரம்பத்தோடு வந்துவிட்டார்.

"அண்ணி, இதையும் சாய்ச்சிடுவோம். அடுத்த காத்துக்கு வீட்டு மேல விழும். இந்த இடத்துல மூங்கில் பந்தல் போட்டு பேஷன் ப்ரூட் ஏத்தினா நிழலும் ஆச்சு, பழத்தையும் விக்கலாம்."

அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "விழுந்தது ரோட்டு மரம், தம்பி. இது நின்னுச்சு. நின்னத எதுக்கு வெட்டணும்?"

இதில் முழு நியாயம் இருக்கிறது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்த மரம். இங்கே வெள்ளைக்காரன் காலத்தில் சாலை நிழலுக்கு வைத்தார்கள். இடம் கிடைத்தால் அதன் குடை 30 மீட்டர் அகலம்கூடப் போகும். அப்படிப்பட்ட மரத்துக்கு ஒரு பக்கம் தார் ரோடு, மறு பக்கம் சாக்கடை, கம்பிக்காக ஒரே பக்கமாக வெட்டிய கிளைகள். வேர் எங்கே போகும்? அது விழுந்ததற்காக எல்லா மரத்தையும் குற்றவாளி ஆக்குவது நியாயம் இல்லை. மகிழம் மெதுவாக வளரும், கட்டை கெட்டி, குடை அடக்கம்.

கொடியை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். சித்தப்பா மனம் கோணாமல் கிழக்கு வேலியோரம் அவருக்கு இடம் விட்டோம். பேஷன் ப்ரூட் வைத்தார். மஞ்சள் பழம் காய்க்கும் வகை. அதில் ஒரு சிக்கல் உண்டு: தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, வேறு விதையில் வந்த இன்னொரு கொடி பக்கத்தில் வேண்டும். பூ நண்பகல் வாக்கில் விரிந்து சாயங்காலம் மூடிக்கொள்ளும். மரக்கட்டையைத் துளைக்கும் பெரிய கருவண்டு வந்தால் காய் நிறையப் பிடிக்கும், வராவிட்டால் நாம்தான் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து அடுத்ததன் பூவில் தொட்டு வைக்க வேண்டும். அம்மா மதியக் கழுவலை முடித்துவிட்டு அதைச் செய்வார். பழம் வந்தது, நன்றாகவே வந்தது. ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் சர்பத் போட்டு விற்றோம். இரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மே கடைசி முதல் அக்டோபர் வரை மண் காயாது. இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கிய கொடி ஒரு ஆகஸ்டில் அடித்தண்டு அழுகி ஒரே வாரத்தில் வாடிப் போனது. மூங்கிலும் இற்றுப் போயிருந்தது. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பேஷன் ப்ரூட் சில ஆண்டுகளில் ஓயும் கொடி. அதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

திராட்சை இன்னும் கடினம். இங்கே அது மெய்க்டீலா, யமேத்தின் பக்கம், மத்திய பர்மாவின் வறண்ட நிலத்தில்தான் விளைகிறது. ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கவாத்து செய்தால்தான், அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட்டால்தான் காய்க்கும், கவாத்து செய்த பந்தலில் சில வாரங்களுக்கு நிழலே இருக்காது.

நீங்கள் கேட்டது வெயிலைப் பற்றி. ஏழெட்டு அடி உயரப் பந்தல் அதன் கீழே நிற்பவருக்கு நிழல் தரும். வீட்டைச் சுட வைப்பது கூரையும் மேற்குச் சுவரும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க உள்ளே விடும். கூரையைவிட உயரமாக, மேற்கே நிற்கும் மரம்தான் பிற்பகல் வெயிலை அங்கே விழாமல் தடுக்கும். 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி மக்வே பகுதியில் சாவுக் என்ற ஊரில் 48.2 டிகிரி அடித்தது, இரங்கூனிலேயே 40. கரண்ட் ஒரு நாளில் சில மணி நேரம்தான். மின்விசிறி இல்லை, ஐஸ் இல்லை. அந்தக் கோடையில் மரத்தை வெட்டிய வீட்டுக்காரர்கள் பாயோடு எங்கள் வாசலுக்கு வந்து படுத்தார்கள். யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அன்று ரம்பத்தோடு வந்த சித்தப்பாவும் பேரப்பிள்ளையை அங்கேதான் தூங்க வைத்தார்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சமையல் எழுதினாலும் செடி எழுதினாலும் கீழே யாராவது "பர்மாவில் இன்னும் தமிழர்கள் இருக்கிறீர்களா? தமிழ் எப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இருக்கிறோம். 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எல்லோரும் போகவில்லை. என் தாத்தா போகவில்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தி, ஊரிலிருந்து யாராவது கொண்டுவரும் பாடப்புத்தகத்தைப் பல பிள்ளைகள் கை மாற்றிப் படித்த தமிழ் இது. ஆச்சரியக்குறி போட்டுக் கேட்கும்போது வலிக்கிறது. தயவுசெய்து செடியைப் பற்றிக் கேளுங்கள்.

எந்த மரம் என்றால், 15-க்கு 20 அடிக்கு வேம்பு பெரிது. ஆசைப்பட்டு வைத்தால் கிளையைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். சரக்கொன்றை அழகு, ஆனால் சரியாகக் கோடையில் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும், நிழல் வேண்டிய மாதத்தில் நிழல் தராது. முருங்கை காற்றில் முறியும். பொறுமை இருந்தால் மகிழம். சீக்கிரம் வேண்டும் என்றால் புங்கம்: கோடைக்கு முன் பழைய இலையை உதிர்த்து, வெயில் ஏறுவதற்குள் புது இலை விட்டுவிடும், தண்ணீர் நின்றாலும் தாங்கும். பழமும் கட்டாயம் வேண்டும் என்றால் சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்குங்கள். அது மகிழத்தின் குடும்பம்தான். வருடம் முழுக்க இலை இருக்கும், காற்றைத் தாங்கும், சில ஆண்டுகளில் காய்க்கும். நிழலா பழமா என்ற கேள்விக்கே அங்கே இடம் இல்லை.

வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டி பக்கமும் மின்கம்பிக்கு நேர் கீழேயும் வேண்டாம். கன்று பெரிதாகும் வரை சில கோடை உங்களுக்குத் துன்பம்தான், மகிழம் என்றால் இன்னும் அதிகம். அதற்கு வேலியோரம் இரண்டு பேஷன் ப்ரூட் ஏற்றுங்கள். மரம் நிழல் விடும் காலத்தில் அதன் ஆயுளும் முடிந்திருக்கும். கொடியை மட்டும் கன்றின் மேல் படர விடாதீர்கள், மூடிக் கொன்றுவிடும்.

மழை தொடங்கும் வாரத்தில் குழி எடுங்கள். அதற்கு முன் வாசல் எந்தத் திசை, கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று எழுதினால் குழி எந்த மூலையில் என்பதையும் சொல்கிறேன்.